வீட்டுப் பாத்தி

1

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும் இந்தப் பக்கத்துக்கு என்னையும் எழுதச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் பனி பெய்வதையும் விமான நிலையத்தில் நின்றதையும் எழுதுகிறார்கள். நான் இருப்பது மட்டாஞ்சேரி. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர்ச் சந்தையில் சாயங்காலம் லாரியில் ஏற்றிய தக்காளி விடிவதற்குள் எர்ணாகுளத்தில் இறங்கிவிடும். தக்காளி அழுகாமல் வந்து சேரும் தூரத்தை வெளிநாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் பஸ்ஸில் நான் வாயைத் திறந்து டிக்கெட் கேட்டால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். கடையில் இரண்டு பேர் என்னைக் காட்டி ‘பாண்டி’ என்று குசுகுசுத்ததைக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே சிலர் வைத்திருக்கும் பெயர் அது. மரியாதையான பெயர் இல்லை. பனி பெய்யாவிட்டாலும் அந்நிய ஊர் அந்நிய ஊர்தான்.

என் பெயர் செல்வி. வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் சுப்பிரமணியன் கார்ப்பரேஷனில் டிரைவர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். எங்கள் மகள் அஞ்சனா பேசும் மலையாளத்தில் எங்காவது ஒரு தமிழ்ச் சொல் இருக்கும். திருப்பூணித்துறையில் கல்லூரிக்குப் போகிறாள். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் ஓவியம் வரைவதைப் போல மெதுவாக வரைவாள். மசாலா கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் பகுதியில் குடியிருக்கிறோம். மண் என்று சொன்னால் பூந்தொட்டியில் இருக்கும் மண்தான்.

ஒவ்வொரு வருஷமும் ஓணத்துக்குச் சில நாள் முன்னால் என் தம்பி முருகேசன் வருவான். அப்பா இருக்கும்போதே தோட்டத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். இப்போதும் வெண்டை, கத்தரி, மிளகாய் என்று போடுகிறான். ஓணச் சமயத்தில் கேரளாவுக்குக் காய் நிறையப் போகும். லாரியோடு அவனும் எர்ணாகுளம் வரை வந்து, காயை இறக்கிவிட்டு, எனக்கென்று தனியாகக் கட்டிய ஒரு மூட்டையோடு ஆட்டோ பிடித்து வருவான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே லாரியில் திரும்பிவிடுவான். அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் எனக்கும் என் பிறந்த வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விசேஷம்.

அந்த மூட்டையில் இருப்பது வீட்டுப் பாத்திக் காய். அதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வம்பும் அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் சந்தைக்குப் போகும் தோட்டம் வேறு, வீட்டுக்கு ஆகும் பாத்தி வேறு. வீட்டுப் பாத்தி கிணற்றோரம் சின்னதாக இருக்கும். தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற அன்று அப்பா அந்தப் பக்கம் காற்று அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். பாத்திக்கு மருந்து கிடையாது. புழு விழுந்தால் கையால் எடுத்துப் போடுவோம். எனக்குத் தெரிந்த இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை.

2

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய காய்கறி நேராக அருவாமனைக்குப் போகாது. ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, மஞ்சள்பொடி, கரைத்த புளி, கொஞ்சம் கல்லுப்பு போட்டுக் காயை அதில் ஊறவைப்பார்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித்தான் நறுக்குவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் காயில் விஷம் என்று சொல்லிக்கொள்ளாத வீடு எங்கள் சந்தில் இல்லை.

நான் புதுப் பெண்ணாக வந்தபோது என்னோடு ஒரு கூடை கத்தரிக்காயும் வந்தது. மறுநாள் காலையில் என் மாமியார் அதை மஞ்சள் தண்ணீரில் போட்டார். தமிழ்க் குடும்பம்தான், இருந்தாலும் மட்டாஞ்சேரிக்காரர். அப்பா பறித்துக் கொடுத்த காயை அழுக்குத் துணியைப் போல ஊறப்போட்டுவிட்டார்களே என்று எனக்கு அழுகை வந்தது. இதில் விஷம் போய்விடுமா என்று வெடுக்கென்று கேட்டேன். மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. “போகுமோ இல்லியோ, மனசுக்கு ஒரு சமாதானம் மோளே” என்றார்.

அந்தச் சமாதானம் எனக்கும் பழகிவிட்டது. எப்போது பழகியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காய்க் கடையில் முன்னால் நிற்கும் பெண்கள் ‘நாடனா?’ என்று கேட்பார்கள். உள்ளூரில் விளைந்ததா என்று அர்த்தம். நானும் கேட்க ஆரம்பித்தேன். கடைக்காரரும் தேனிப் பக்கத்துத் தமிழர்தான். “எல்லாம் நாடன்தான் சேச்சி” என்று என்னிடமே மலையாளத்தில் சொல்வார். அவர் கால்மாட்டில் இருக்கும் தக்காளிப் பெட்டிக்குள் விரித்திருப்பது தமிழ்ப் பத்திரிகை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் முகத்தை மாற்றாமல் வியாபாரத்தை முடித்துக்கொள்வோம். அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிவந்து, ஈரத்தைக் காயவைத்துப் படிப்பேன். இத்தனை வருஷமாக நான் தமிழ் படித்ததெல்லாம் அப்படித்தான், தக்காளி புண்ணியத்தில்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முருகேசனின் மூட்டை வந்தால் நான் பேசினை எடுக்க மாட்டேன். அந்தக் காயை மண் போகக் கழுவி நறுக்குவேன், அவ்வளவுதான். அஞ்சனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மூட்டையிலிருந்து பிஞ்சு வெண்டைக்காயை எடுத்துப் பச்சையாகவே கடித்துத் தின்பாள்.

3

இந்த வருஷம் அஞ்சனா இடப்பள்ளியில் ஒரு மாலுக்குத் தோழிகளோடு போனவள், தண்ணீரிலேயே செடி வளரும் தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள்ளேயே வைக்கலாம், மண் வேண்டாம், வெயில் வேண்டாம், செங்குத்தாக நிற்பதால் இடமும் வேண்டாம். ஹைட்ரோபோனிக்ஸ் என்று அவள் சொன்னதை என் வீட்டுக்காரர் டவர் என்று சுருக்கிவிட்டார்.

“அம்மே, நீதானே எப்பவும் சொல்லும் ஒரு செடி வைக்கான் இடம் இல்லன்னு. இதில் நம்மளே உண்டாக்கி நம்மளே கழிக்கலாம். பேடி வேண்டா” என்றாள். நாமே விளைவித்து நாமே சாப்பிடலாம், பயம் வேண்டாம் என்கிறாள்.

எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்துவிட்டு, கறிவேப்பிலைக்குக்கூடக் கடைக்குப் போய் நிற்கிறவளுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஓர் அலுவலகத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் வீட்டுக்காரரை அனுப்பினேன். நிலவரி ரசீது கொண்டுவரச் சொன்னார்களாம். மண்ணே இல்லாத தோட்டத்துக்கு எந்த மண்ணின் வரியைக் காட்டுவது என்று இவர் கேட்டிருக்கிறார். அவர்களும் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அதற்குள் டவர் விற்கும் பெண்ணே எங்கள் பகுதிக்கு வந்துவிட்டாள். வாசகசாலை மேல்மாடியில் எங்கள் தெருப் பெண்கள் கூடும் கூட்டத்தில் செய்து காட்டினாள். தோள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தூண், சுற்றிலும் ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் தேங்காய் நார்த்தூள் வைத்த சின்னக் கிண்ணம். அடியில் ஒரு தொட்டி. அதிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், அது வேர்களை நனைத்துக்கொண்டே இறங்கும். தண்ணீரில் கலக்க இரண்டு பாட்டில் உரம். சூரியனுக்குப் பதிலாக ஊதாவும் சிவப்புமாக ஒரு விளக்கு.

பெண்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வாங்கும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்போது பக்கத்து வீட்டு லிசி என்னைக் காட்டி, செல்வி சேச்சி தமிழ்நாட்டுக்காரி, காய்கறி போடும் வீட்டில் பிறந்தவள் என்றாள். விற்க வந்தவளின் முகம் மலர்ந்துவிட்டது. சேச்சியே சொல்லட்டும், அங்கே எப்படித்தான் விளைவிக்கிறார்கள் என்று மைக்கை என்னிடம் கொடுத்தாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மைக்கை வாங்கினேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் அந்தத் தெரு என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பியது அதுதான் முதல் தடவை. சொன்னேன். என் அப்பா விவசாயி என்றேன். சந்தைக்கு அனுப்பும் காய்க்கு மருந்து அடிப்போம், எங்கள் வீட்டுக்கென்று தனிப் பாத்தி வைத்திருப்போம், அதற்கு அடிக்க மாட்டோம், இப்போது என் தம்பியும் அப்படித்தான் என்றேன். ‘நாங்கள் சாப்பிடாததைத்தான் உங்களுக்கு அனுப்புகிறோம்’ என்று முடித்தேன். எங்கிருந்துதான் அந்த வாக்கியம் வந்ததோ. ஒரு சொல் இடறாமல், அத்தனை சுத்தமான மலையாளத்தில் வந்தது.

கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அஞ்சனா பின்னால் நின்று போனில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தாள். எதைப் பேசினாலும் என் உச்சரிப்பைத் திருத்துகிறவள், அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, அம்மா பொளிச்சு என்றாள். பிரமாதப்படுத்திவிட்டாய் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காக நான் என் அப்பாவின் கிணற்றோரத்தைத் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விற்க வந்தவளுக்கு என் பேச்சு மிகவும் பிடித்துப்போய், ஓணம் வரை வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று ஒரு டவரை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

4

அஞ்சனா அந்தப் படத்தைத் தன் போனில் ஸ்டேட்டஸாக வைத்தாள். ஊரில் முருகேசனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கனிமொழி பள்ளிக்கூடம் போகிறாள். அஞ்சனாவின் ஸ்டேட்டஸ் ஒன்றையும் விட மாட்டாள். இவள் எது வைத்தாலும் உடனே இதயம் அனுப்புகிறவள். இதற்கு மட்டும் எதுவும் அனுப்பவில்லை.

நான் அதைக் கவனித்தது மறுநாள்தான். எடுத்துவிடு என்று அஞ்சனாவிடம் சொன்னேன். ஏன் என்றாள். மாமா பார்த்தால் வருத்தப்படுவான் என்றேன். “உள்ளது தானே அம்மா சொல்லிச்சு? நுண ஒண்ணும் இல்லல்லோ?” என்றாள். பொய்யா சொன்னாய் என்று கேட்கிறாள். உள்ளதைத்தான் சொன்னேன். உள்ளதைச் சொன்னதற்கு இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். முருகேசனுக்கு மலையாளம் எங்கே புரியப்போகிறது, நீ வெறுதே டென்ஷன் ஆகாதே என்றார். வருஷக்கணக்காக எர்ணாகுளம் மார்க்கெட்டில் நின்று விலை பேசுகிறவனுக்கு மலையாளம் புரியாதா? வாங்குகிறவர்கள் திட்டுவதே மலையாளத்தில்தானே.

முருகேசன் வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவான். கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. போனை எடுத்து அவன் பெயரைப் பார்த்துவிட்டு, தையல் மெஷினிலேயே வைத்துவிடுவேன். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது? மழையா என்று கேட்பதா?

கூடத்தில் டவர் மட்டும் நன்றாக வளர்ந்தது. லெட்டூஸ் என்ற இலை, சிவப்புக் கீரை, புதினா. சாயங்காலமானால் எங்கள் ஜன்னல் ஊதா நிறமாகிவிடும். சந்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, செல்வி சேச்சி வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அஞ்சனா காலையில் எழுந்ததும் இலைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் ஒரு செடியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கும்போது மட்டும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

5

வர மாட்டான் என்று நினைத்திருந்தேன். வந்தான்.

எப்போதும் சந்து முனையில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடிக்கும்; என் வீட்டுக்காரர் இறங்கிப் போய் மூட்டைக்கு ஒரு கை கொடுப்பார். இந்த வருஷம் சத்தமே இல்லாமல் மாடிப்படியில் செருப்பு ஓசை கேட்டது. போட்டில் வந்து படகுத்துறையிலிருந்து நடந்தே வந்துவிட்டேன், கைவீச்சாகத்தானே வந்தேன் என்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஆப்பிள். எர்ணாகுளத்தில் ஏதோ கடையில் வாங்கியது. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

என் தம்பி என் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போவதைப் போல. அந்தப் பையை வாங்கும்போது என் கை கூசியது.

அஞ்சனா அறையிலிருந்து வந்து, முதல் கேள்வியாக, “மாமா, மூட்ட எவிடே?” என்று கேட்டுவிட்டாள். அவள் கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள்.

“இந்த வருசம் காய்ப்பு சரியில்ல பாப்பா” என்றான்.

கை கழுவ அடுக்களைக்கு வந்தான். அங்கே மேடையில் பேசின் இருந்தது. ஒருவேளை வந்துவிட்டால் அவனுக்கு வைக்கலாம் என்றுதான் கடையில் வெண்டைக்காய் வாங்கியிருந்தேன். பழக்க தோஷம், காலையிலேயே மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட்டேன். எடுத்து மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் வரும் நாளில் அந்தப் பேசினுக்கு வேலை இருந்ததில்லை. அதனால் அவன் அதைப் பார்த்ததும் இல்லை. நின்று பார்த்தான். என்னக்கா, விசேஷமா, மஞ்சத் தண்ணி கலக்கி வெச்சிருக்க என்று கேட்டான். பின்னாலேயே வந்த அஞ்சனா நான் வாயைத் திறப்பதற்குள், விஷம் போகத்தான் மாமா, இங்கே எல்லாரும் இப்படித்தான் என்று விளக்கினாள். மஞ்சள் எதற்கு, புளி எதற்கு, எவ்வளவு நேரம் என்பதுவரை சொல்ல ஆரம்பித்தாள். அவன் ‘ஓ’ என்றான். ஒரு வெண்டைக்காயை எடுத்துத் தண்ணீரை உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போட்டான்.

அது அவன் இறக்கிய லாரியிலிருந்து வந்த காயாகக்கூட இருக்கலாம்.

சாப்பிடும்போது அஞ்சனா டவரிலிருந்து இலைகளைக் கத்தரித்து வந்து, எலுமிச்சை பிழிந்து அவனுக்கு வைத்தாள். பயமே வேண்டாம் மாமா, கழுவக்கூட வேண்டாம் என்றாள். அவன் ஆடு மாதிரி மென்றான். நன்றாக இருக்கிறது என்றான். எழுந்து போய் டவரைச் சுற்றிப் பார்த்தான். மோட்டார் எங்கே, தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று கேட்டான். உரப் பாட்டில்களைக் கையில் எடுத்துப் பார்த்தபோது என் வீட்டுக்காரர், ஏலூர் உரத் தொழிற்சாலையில் மூட்டையில் வருகிறது, இது பாட்டிலில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தமாஷ் பண்ணினார். முருகேசன் மரியாதைக்குச் சிரித்தான். இதில் வெண்டைக்காய் வருமா என்று கேட்டான். இலைதான் நன்றாக வரும் என்றாள் அஞ்சனா.

“வாங்கிக்கக்கா. பிள்ளைக்கு நல்லது” என்றான் என்னைப் பார்த்து. குத்திக்காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னான். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6

படகுத்துறை வரை கூடவே போனேன். வழியில் கிடங்குகளிலிருந்து சுக்கு வாசம் வந்தது. அவன் எல்லா வருஷமும் அந்த இடத்தில் ஒரு தடவை தும்முவான், தும்மினான். நான் எல்லா வருஷமும் சிரிப்பேன், சிரிக்க முடியவில்லை.

போட்டு வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். நான் பேசியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். கனிமொழி காட்டினாள் என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏதோ மைக்கைக் கொடுத்தார்கள், உளறிவிட்டேன் என்றேன்.

“உளறலியே. உள்ளதத்தான சொன்ன” என்றான். “நீ பொய் சொல்லியிருந்தா சண்டைக்கு வந்திருப்பேன்க்கா. அது சுலபம்.”

மூட்டை கொண்டு வராதது என்மேல் உள்ள கோபம்தானே, திட்டிவிடு, அடுத்த வருஷம் கொண்டு வா என்றேன். கிணற்றோரக் காய் வேண்டும் என்றேன். பிடிவாதம் பிடிக்கிற குழந்தையைப் போலத்தான் கேட்டேன்.

“பாத்தி இல்லக்கா. எடுத்துட்டேன்.”

புரியவில்லை. பிறகுதான் சொன்னான். படத்தைப் பார்த்த அன்று கனிமொழி அர்த்தம் கேட்டிருக்கிறாள். இவன் ஏதோ மழுப்பியிருக்கிறான். அவள் விடாமல், அத்தை சொல்வது நம் பாத்தியைத்தானே, நமக்கு ஒன்று ஊருக்கு ஒன்றா அப்பா என்று கேட்டுவிட்டாள். பெண்டாட்டி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா எனக்குச் செஞ்சதத்தான் நான் அதுகளுக்குச் செஞ்சேன். அதுல ஒரு தப்பும் எனக்குத் தெரிஞ்சதில்ல. அது கேட்டதுக்கப்பறம் அந்தப் பக்கம் போகவே கூச்சமாப் போச்சு. மருந்தே இல்லாம மொத்தத் தோட்டமும் போட எனக்கு வக்கில்ல. ஒரு போகம் பூச்சி அடிச்சா எந்திரிக்க முடியாது. அதான் பாத்திய அழிச்சு, தோட்டத்தோட சேத்துட்டேன். இப்ப அங்கயும் மருந்துதான். ஊருக்கு எதோ அதான் எங்களுக்கும்.”

போட்டு வந்துவிட்டது. கயிறு கட்டுவதற்குள் ஏறிக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணுகிறேன் என்று கையைக் காட்டினான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் பேச்சுக்குத் தெருப் பெண்கள் கை தட்டினார்கள் என்று உங்களுக்குச் சொன்னேன் அல்லவா? அதில் ஒருவர் வீட்டிலும் எதுவும் மாறவில்லை. அவர்கள் நேற்றும் மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தார்கள், நாளையும் வைப்பார்கள். மாறியது என் தம்பி வீட்டுச் சோறு மட்டும்தான்.

7

டவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று எழுதினால் படிக்கிற உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டோம். அஞ்சனா ஆசைப்பட்டாள், அவள் அப்பாவும் சரி என்றார், வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணத்தை என்னால் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஊதா வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெண்டைக்காய், கத்தரிக்காய்க்கு இன்னமும் கடைதான். இப்போதெல்லாம் நாடனா என்று நான் கேட்பதில்லை. கடைக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவரும் நாடன் என்று சொல்வதில்லை.

ஓணம் கழிந்து சில நாளில் போன் வந்தது. முருகேசன் என்று எடுத்தேன். அவன் பெண்டாட்டி வசந்தி. நல்லாயிருக்கீங்களா அண்ணி என்று மெதுவாக விசாரித்தாள். அவள் ஏசப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். ஏச வேண்டியவள்தான். என் வாயால் அவள் பிள்ளைகளின் பாத்தி போயிருக்கிறது.

“சின்னவ இருக்காளே, அவ பழக்கத்துல தோட்டத்துக்குள்ள போயி வெண்டைக்காயப் பச்சையா பறிச்சுத் திங்கிறா அண்ணி. சொன்னாக் கேக்கல. முன்ன பாத்தியில தின்னவதான, அவளுக்கு வித்தியாசம் தெரியல” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். “அவரு வந்து சொன்னாரு. உங்க வீட்டுல என்னமோ மஞ்சத் தண்ணி வெக்கிறீங்களாமே. அது எப்படிக் கலக்கறது?”

நான் தையல் மெஷினிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எங்கள் மூன்று பேருக்கு ஒரு பேசின் தண்ணீர் போதும், உங்களுக்குப் பெரிய குண்டானாக எடுத்துக்கொள் என்றேன். மஞ்சள் ஒரு ஸ்பூன். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்று. கல்லுப்பு ஒரு கை. காய் முழுக்க முங்க வேண்டும். என் மாமியார் எனக்குச் சொன்னதை வரிசை மாறாமல் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து சின்னவள் ஏதோ பாடுவது கேட்டது.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வசந்தி, “இதுல விஷமெல்லாம் போயிருமா அண்ணி?” என்றாள்.

போயிரும் என்றேன்.